ஏணிச் சூடு போட்ட பத்தொன்பது தோல்

செங்கராயன் கொட்டாய்,
விரிஞ்சிபுரம் தபால்.
பிரமோதூத வருஷம் மார்கழி மாதம் 14ஆம் தேதி.

கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் வீற்றிருந்து, பூமிக்கு மேலே இருக்கிற எங்களுக்கெல்லாம் புத்தி சொல்லி வருகிற, சகல கீர்த்தியும் மேஸ்திரி உத்தியோகமும் பெற்ற மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் கோதண்டராமன் அவர்களுக்கு, உன் அக்கா பூவம்மாளைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருஷமாய் உயிரோடு இருக்கிற உன் மாமன் முனிரத்தினம் எழுதிக்கொண்டது.

மார்க்கபந்தீஸ்வரர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அக்காவும் நல்ல சுகம். ஆடுகளும் சுகம். எத்தனை ஆடு என்று இப்போதே கேட்காதே, பின்னால் வருகிறது. அங்கே நீயும் உன் வீட்டுக்காரி தங்கச்சி ரங்கம்மாளும் சுகமாய் இருக்கிறீர்களா, இரண்டு வருஷமாய்த் தங்கம் தங்கமாய் வெட்டுகிறாயே, தங்கச்சி மூக்கில் ஒரு பொட்டாவது ஏறியதா என்பதை விவரமாய் எழுதவும்.

நீ கார்த்திகை மாதம் போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை மன்னித்து விட்டவன் நான் என்பது உனக்குத் தெரியும். ஆகையால் ஒவ்வொரு எழுத்தாய்க் கூட்டி ஒரு பகல் முழுக்கப் படித்தேன். ஆடெல்லாம் வெள்ளத்தில் போன பிறகு ஆட்டுக்காரனுக்கு ஊரில் இன்னா வேலை, கிளம்பி வந்துவிடு மாமா, சுரங்கத்தில் கல் வண்டி தள்ளுகிற வேலை ஒன்று காலியாய் இருக்கிறது, தை பத்தாம் தேதி வரைக்கும்தான் வைத்திருப்பார்கள் என்று எழுதியிருந்தாய். உன் அக்கா அதை என்னை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து போய்ப் பித்தளைச் சொம்பையும் இரண்டு தட்டையும் ஒரு பழம்புடவையில் வைத்து மூட்டை கட்டினாள். கட்டி மூலையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"இத பாரு. தை பொறக்கறதுக்குள்ள பட்டியில ஆடு நின்னா நாமளும் இங்க நிப்போம். நிக்கலேன்னா தம்பி வூட்டுக்கு ரயிலேறுவோம். பதினோரு ஆட்ட வெச்சிக்கினு எந்தக் கொல்லையில கிடை போடுவ?"

அவள் கேட்டதில் தப்பில்லை. பதினோரு ஆட்டை ஒரு நிலக்காரனும் எரு போடக் கூப்பிட மாட்டான். ஆனால் மச்சான், உயிரோடு இருக்கிறபோதே மண்ணுக்கு அடியில் போவதற்கு என் உடம்பு ஒப்பவில்லை. மச்சான் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, மச்சான் மேஸ்திரியாய் நின்று "தள்ளு மாமா, தள்ளு" என்று சொல்ல நான் வண்டி தள்ளுவதா? அன்றைக்கே முடிவு பண்ணினேன். ஆட்டை எடுத்துக்கொண்டு போனது ஆறு. ஆற்றைக் கேட்க முடியாது, சர்க்காரைக் கேட்கலாம். கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வெள்ளத்தைப் பற்றி நீ கேள்விப்பட்டது எல்லாம் பொய். நான் சாராயக் கடையில் இருந்தேன் என்று உனக்கு எழுதினவன் யார் என்று எனக்குத் தெரியும். நடந்தது இதுதான். ஐப்பசி கடைசியில் மூன்று நாள் மழை. என் மந்தை முப்பத்து மூன்று ஆட்டையும் நிலக்காரர் துரைசாமியின் ஆற்றோரக் கொல்லையில் கிடை மடக்கியிருந்தேன். நம் பாலாறு எப்பேர்ப்பட்ட ஆறு என்று உனக்கே தெரியும், வருஷத்தில் பாதி நாள் அதில் கால் நனையாமல் மாட்டுவண்டி போகும், மீதிப் பாதி நாளும் போகும். அதில் தண்ணீர் வருகிறது என்று மத்தியானம் ஒருத்தன் கத்திக்கொண்டு ஓடினால் மனுஷனுக்குச் சந்தோஷம் வருமா, சந்தேகம் வருமா? ஊரே மஞ்சளும் குங்குமமும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு ஓடிற்று. ஆற்றுக்குத் தண்ணீர் வந்தால் எதிர்கொண்டு போய்க் கற்பூரம் காட்டிக் கும்பிடுவது இன்று நேற்றா நடக்கிறது? நானும் போனேன், உன் அக்காவும் போனாள். தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்கு நுரை தள்ளிக்கொண்டு புதுப்பெண் மாதிரி மெள்ள மெள்ள வந்தது. நான் முழங்கால் தண்ணீரில் நின்று தட்டில் கற்பூரம் ஏற்றி, தாயே வா, வருஷா வருஷம் வா என்று மூன்று சுற்றுச் சுற்றினேன். நான் மேல்துறையில் நின்று அவளை வாவென்று அழைத்துக்கொண்டிருக்கிறபோதே அவள் பின்பக்கமாய்ப் பழைய வாய்க்காலில் புகுந்து, கொல்லையைச் சுற்றிக்கொண்டு, என் பட்டிக்குள் போய்விட்டாள். கற்பூரம் அணைவதற்குள் இருபத்திரண்டு ஆடு போயிற்று. கிடைக்கு எழுப்பின மூங்கில் தட்டி ஆள் உயரம் இல்லையா, ஆட்டால் தாண்ட முடியவில்லை. தட்டி சாய்ந்த பக்கம் நின்ற பதினொன்றுதான் மேட்டில் ஏறிற்று. இந்த இடத்தில் நீ சிரிக்க மாட்டாய் என்று தெரியும். நானும் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் கீழ்த்துறையில் முள்ளிலும் நாணலிலும் மாட்டிக்கொண்டு பத்தொன்பது ஆடு கரை ஒதுங்கிற்று. மூன்று கிடைக்கவே இல்லை. இனி நம் பக்கத்து மனுஷன் இன்னா பண்ணுவான்? செத்த ஆட்டை மடியில் போட்டுக்கொண்டு அழுவானா? அழுதுகொண்டே கத்தியைத் தீட்டுவான். தோல் ஒரு ராத்திரி தாங்காது, விடிந்தால் மயிர் கழன்றுவிடும், அப்புறம் அதற்கு விலை ஏது? ஆம்பூர் தோல் வியாபாரி இஷ்தியாக் அகமது சாயபுவின் ஆள் அமீர் பாஷா இருக்கிறானே, வெள்ளம் என்று காதில் விழுந்ததும் வண்டியில் இரண்டு மூட்டை உப்பை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டான். சாவு வீட்டுக்குச் சொந்தக்காரன் வருவதற்கு முன்னால் அவன் வந்து நின்றான். உரித்தோம், அவன் உப்பைத் தடவி வண்டியில் அடுக்கிக்கொண்டு போனான். கறி இன்னா ஆயிற்று என்று நீ கேட்கக் கூடாது. அந்த வாரம் நம் ஊரில் யார் வீட்டிலும் ரசம் வைக்கவில்லை என்று மட்டும் எழுதுகிறேன்.

நான்காம் நாள் தண்டோரா போட்டார்கள். வெள்ளத்தில் ஆடு மாடு பறிகொடுத்த குடிகளுக்குச் சர்க்காரில் உதவி உண்டு, மனு எழுதிக் கொடுக்கவும் என்று. நானே உட்கார்ந்து மனு எழுதினேன். என் கையெழுத்தை நீ பழிப்பாயே, கர்ணம் அதைத் தலைகீழாய்ப் பிடித்துப் படித்துவிட்டு, பரவாயில்லை, எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்றார். போகட்டும். ஒன்பதாம் நாள் ரெவினியூ இன்ஸ்பெக்டர் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். கையில் ஒரு நீளப் புத்தகம், அதில் கட்டம் கட்டமாய்க் கோடு. செத்த ஆட்டைக் காட்டு என்றார். ஐயா, ஒன்பது நாள் ஆச்சுங்களே, செத்த ஆடு தங்களுக்காகக் காத்துக்கினு இருக்குமா என்றேன். அப்படியானால் தோலைக் காட்டு என்றார். தோல் அன்றைக்கே ஆம்பூருக்குப் போய்ட்டுதுங்க என்றேன். கொம்பாவது, எலும்பாவது, காதாவது என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கொண்டு வந்தார். நான் உன் அக்காவைப் பார்த்தேன், உன் அக்கா ஊர் நாய்களைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் திறந்து, பிணம் பார்வையிடப்பட்டதா என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினார். தோல் பார்வையிடப்பட்டதா, இல்லை. மொத்த நஷ்டம் என்ற கட்டத்தில் ஒரு பெரிய முட்டையைப் போட்டார். பக்கத்து ஊரில் மாடு செத்தவன் புத்திசாலி, உரிக்கத் தெரியாதவன், நாற நாற வைத்திருந்து காட்டிவிட்டான், அவனுக்கு உண்டு. உரிக்கத் தெரிந்தவனுக்கு இல்லை.

நான் விடுவேனா? கார்த்திகை மாதத்தில் நான்கு தரம் தாலுக்கா கச்சேரிக்கு நடந்தேன். எந்த ஊர்க் கச்சேரி என்று எழுத மாட்டேன், தபாலில் யார் யாரோ படிக்கிறார்கள், எனக்கு அங்கே இன்னமும் போக வர வேண்டியிருக்கிறது. முதல் தரம் குமாஸ்தா சாப்பிடப் போயிருந்தார். இரண்டாம் தரம் சாப்பிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் தரம் விழித்திருந்தார், ஆனால் நான் பேசப் பேச விசிறிக்கொண்டே இருந்தார். நான்காம் தரம்தான் வாயைத் திறந்தார். "ஆடு செத்துதுன்னு நீ சொல்ற, உன் பொண்டாட்டி சொல்றா. ஆடு சொல்லணும்யா. ஆடு இல்லேன்னா தோலு சொல்லணும். அத்த கொண்டா, அப்புறம் பேசலாம்" என்றார். என்னைத் துரத்துவதற்காகச் சொன்ன பேச்சு அது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னது சொன்னதுதானே. நேராய் வீட்டுக்கு வந்து கம்பளியை எடுத்துக்கொண்டேன். எங்கே என்று உன் அக்கா கேட்டாள். ஆம்பூருக்கு, நம்ம ஆட்டைத் தேட என்றேன். மூலையில் இருந்த மூட்டையைப் பார்த்தாள், இன்னொரு தட்டை எடுத்து அதற்குள் வைத்தாள். அவ்வளவு நம்பிக்கை உன் அக்காவுக்கு என்மேல்.

இஷ்தியாக் அகமது சாயபுவின் தோல் ஷாப்பு ஆம்பூரில் ஆற்றங்கரையில் இருக்கிறது. உள்ளே போனால் வரிசையாய்க் குழி. ஒரு பக்கம் சுண்ணாம்புக் குழி, ஒரு பக்கம் ஆவாரம்பட்டைத் தண்ணீர்க் குழி, நடுவில் ஆட்கள் மரத்தின்மேல் தோலைப் போட்டு மயிர் வழித்துக்கொண்டிருக்கிறார்கள். வாசனையைப் பற்றி எழுதினால் இந்தக் காகிதமே மூக்கைப் பொத்திக்கொள்ளும். வெள்ளத்தில் ஷாப்புக்குள்ளும் தண்ணீர் புகுந்து ஒரு மாதம் வேலை நின்றதால், என் ஆட்டுத் தோலெல்லாம் அதுவரைக்கும் உப்பில் கிடந்து அந்த வாரம்தான் சுண்ணாம்புக் குழியில் விழுந்திருந்தது. சாயபு முழுதாய்ச் சொல்லக் கேட்டார். பிறகு குழிகளைக் காட்டிச் சொன்னார்: "நாலாயிரம் தோலு கெடக்குது. மயிரு போச்சு, காது போச்சு, காலு போச்சு. எல்லாம் வெள்ள வெளேர்னு ஒரே மாதிரி. உன் ஆட்ட நீ எப்படிக் கண்டுபுடிப்ப? பேரு சொல்லிக் கூப்புடுவியா?"

அப்போதுதான் மச்சான், நான் பதினைந்து வருஷமாய்ப் பண்ணி வந்த தப்புக்குப் பலன் கிடைத்தது. என் ஆட்டுக்கு வயிறு ஊதினாலும் கால் நொண்டினாலும் தும்மினாலும் நான் பின்தொடையில் சூடு போடுவேன் அல்லவா, மேலிருந்து கீழாய் இரண்டு கோடு, நடுவில் மூன்று குறுக்கு, ஏணி மாதிரி? அந்தச் சூடு தோலுக்கு ஆகாது. மயிரை வழித்தாலும், சுண்ணாம்பில் ஊறினாலும், பட்டையில் பதமானாலும், சீமைக்குப் போய் பூட்ஸ் ஆனாலும் அந்த ஏணி போகாது. அதற்காகச் சாயபு பதினைந்து வருஷமாய் என் தோல் ஒவ்வொன்றுக்கும் இரண்டணா பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தரமும் தலையில் அடித்துக்கொள்வார். ஏணி போட்ட ஆடு சாயபு, ஏணியைத் தேடச் சொல்லுங்க என்றேன். சாயபு இந்தத் தரமும் தலையில் அடித்துக்கொண்டார். "அந்தப் பாழாப்போன ஏணியா" என்று சொல்லிவிட்டு, அமீர் பாஷாவைக் கூப்பிட்டார். இரண்டு ஆட்கள் கொக்கிக் கழியைப் போட்டு மத்தியானம் வரைக்கும் துழாவினார்கள். ஒவ்வொன்றாய் வந்தது. பத்தொன்பது ஏணி. கழுவிக் கல்லின்மேல் போட்டபோது, இது மொட்டைக்காது, இது வெள்ளச்சி, இது கோயில் மாலையைத் தின்றது என்று நான் எண்ணிக்கொண்டே போனேன். ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

தோல் இப்போது சாயபுவின் சொத்து. காசு கொடுத்து வாங்கினது. குழியிலிருந்து எடுத்து நாலு நாளைக்குமேல் வெளியே இருந்தால் கெட்டுப்போகும். அதையெல்லாம் சொல்லிவிட்டு, மூன்று நாள் தவணை கொடுத்தார், காவலுக்கு அமீர் பாஷாவையும் கொடுத்தார். பெரிய கூடையில் தோலை மடித்து ஈரச் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு ஆம்பூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். வண்டியில் நிற்க இடமில்லை. ஆம்பூரைத் தாண்டியதும் நிற்க இடம் இருந்தது. அடுத்த ஸ்டேஷனில் உட்கார இடம் இருந்தது. பள்ளிகொண்டா வருவதற்குள் நானும் அமீர் பாஷாவும் ஆளுக்கொரு பலகையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டோம். டிக்கெட் பரிசோதகர் வந்து கூடைக்கு லக்கேஜ் கட்டணம் கேட்டார். அமீர் பாஷா சாக்கின் ஒரு மூலையை மட்டும் தூக்கிக் காட்டினான். அவர் கட்டணமும் கேட்கவில்லை, எங்கள் டிக்கெட்டையும் கேட்கவில்லை. வாங்கின டிக்கெட் இன்னமும் என் மடியில் இருக்கிறது.

கச்சேரியில் குமாஸ்தாவுக்கு முன்னால் கூடையை இறக்கி, ஐயா, தோலு வந்திருக்குது, இன்னா கேக்கணுமோ கேளுங்க என்றேன். அவர் நாற்காலியோடு சுவர் வரைக்கும் போய்விட்டார். வெளியே வை, வெளியே வை, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். வெளியே என்றால் எங்கே? தாழ்வாரம். தாழ்வாரத்தில் தாசில்தார் அறையின் ஜன்னல் இருக்கிறது, அதற்கு நேர் கீழே நல்ல நிழல். அங்கே வைத்தோம். அமீர் பாஷாவுக்கோ ஒரே கவலை. தோல் காய்ந்தால் சாயபு தன் தோலை உரித்து எடை போடுவார் என்று புலம்பிக்கொண்டு, நாழிகைக்கு ஒரு தரம் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கூடையில் ஊற்றினான். வெயில் ஏற ஏற, தண்ணீர் விழ விழ, கச்சேரிக்குள் யாரோ செத்துக் கிடக்கிறார் என்று ஊருக்குள் பேச்சாகிவிட்டது. மத்தியானத்துக்குள் ஜன்னல் கதவையெல்லாம் சாத்தினார்கள். சாத்தினால் புழுக்கம், திறந்தால் நாங்கள்.

அன்றைக்கு அந்தக் கச்சேரியில் நடந்த வேலை மாதிரி அது கட்டின நாளிலிருந்து நடந்திருக்காது மச்சான். எல்லாரும் சீக்கிரம் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகப் பார்த்தார்கள். இரண்டு வருஷமாய்ப் பட்டாவுக்கு நடந்துகொண்டிருந்த ஒரு விதவைக் கிழவிக்குப் பதினொரு மணிக்குப் பட்டா கையில் வந்தது. அவள் என்னிடம் வந்து, அப்பா, நாளைக்கும் இங்கேயே இருப்பியா, என் தங்கச்சிக்கும் ஒரு மனு இருக்குது என்று கேட்டாள். நான் இருப்பேன் ஆயா, எனக்கு இன்னும் ஆகலையே என்றேன். எனக்கு மட்டும்தான் ஆகவில்லை. என்னைத் தவிர எல்லார் காகிதமும் நகர்ந்தது. எனக்கும் பயமாய்த்தான் இருந்தது. மறுநாளோடு சாயபு கொடுத்த தவணை முடிகிறது. தோல் போனால் அப்புறம் கூப்பிட எனக்கு யார் சாட்சி? ஆனால் அதை முகத்தில் காட்டவில்லை. அமீர் பாஷாவின் வெற்றிலையைக் கடன் வாங்கி மென்றுகொண்டு, ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி, பாஷா, இன்னும் ஒரு குடம் ஊத்து, நாம பொங்கல் வரைக்கும் இருக்கணுமில்ல என்றேன்.

அதற்குப் பிறகுதான் தாசில்தாரே எழுந்து வெளியே வந்தார். மூக்கில் கைக்குட்டை. நல்ல மனுஷன், கூடையைத் திறக்கச் சொல்லி நின்று பார்த்தார்.

"இது உன் ஆடுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஏணிய பாருங்க சாமி."

"ஏணி யார் வேணும்னாலும் போடலாமே. நேத்து போட்டதா இருந்தா?"

அமீர் பாஷா இடுப்பிலிருந்து ஒரு எண்ணெய்க் காகிதத்தை எடுத்தான். ஐப்பசி மாதம் கடைசித் தேதி போட்டு, சாயபு எனக்குத் தோல் விலை தீர்த்த சீட்டின் நகல். உருதுவிலும் தமிழிலும் எழுதியிருந்தது. செங்கராயன் கொட்டாய் முனிரத்தினம், வெள்ளத்தில் செத்த ஆடு, தோல் பத்தொன்பது, ஏணிச் சூட்டுக்காகத் தோலுக்கு இரண்டணா கழிவு. அமீர் பாஷா அதைப் படித்துக் காட்டிவிட்டு, "சூடு முந்தியே இல்லாட்டி சாயபு எதுக்கு சாமி கழிப்பாரு? அவரு கழிச்சாருன்னா அது இருந்துதுன்னு அர்த்தம். ஊருக்கே தெரியும்" என்றான். தாசில்தார் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பினார். கைக்குட்டைக்குள் சிரித்த மாதிரிதான் எனக்குப் பட்டது. உள்ளே போனார். பதினைந்து வருஷமாய் அந்த இரண்டணாவுக்காக நான் சாயபுவைத் திட்டின திட்டையெல்லாம் அங்கேயே தாழ்வாரத்தில் நின்றபடி திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஒரு நாழிகையில் எல்லாம் முடிந்தது. குமாஸ்தா காகிதத்தை ஒரு பலகைமேல் வைத்துக் கையை நீட்டின மட்டும் நீட்டிக் கொடுத்தார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இங்கே, இங்கே, இங்கே என்று விரல் மட்டும் காட்டினார். கைநாட்டா என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று இடத்திலும் முழுப் பேரையும் இனிஷியலோடு எழுதினேன். அமீர் பாஷா சாட்சி போட்டான். ஆட்டுக்கு மூன்று ரூபாய் வீதம் பத்தொன்பது ஆட்டுக்கு ஐம்பத்தேழு ரூபாய் கையில் வந்தது. கிடைக்காமல் போன மூன்று ஆட்டுக்கும் கேட்டேன். அதற்குத் தோல் இல்லையே என்றார் குமாஸ்தா. கடலில் போய்த் துழாவிக் கொண்டுவரட்டுமா, எத்தனை கூடை ஆனாலும் இங்கே கொண்டுவந்து வைக்கிறேன் என்றேன். வேண்டாம், வேண்டாம், நீ போய்ட்டு வா என்று எழுந்து நின்று கும்பிட்டார். கச்சேரிக் குமாஸ்தா கும்பிட்ட ஆட்டுக்காரனை உங்கள் தங்கவயலில் யாராவது பார்த்திருக்கிறார்களா என்று விசாரித்து எழுதவும். அமீர் பாஷா அன்றைக்கே ரயிலேறித் தோலைக் குழியில் சேர்த்துவிட்டான், ஒன்றும் கெடவில்லை என்று சொல்லியனுப்பினான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் பதினான்கு ஆடு பிடித்தேன். எல்லாம் பல் பார்த்து, மடி பார்த்து எடுத்தது. நான்கு சினை. ஆக இப்போது பட்டியில் இருபத்தைந்து நிற்கிறது. துரைசாமியே ஆள் அனுப்பி, தை அறுப்பு முடிந்ததும் என் கொல்லையில்தான் கிடை போட வேண்டும், இந்தத் தரம் மேட்டுக் கொல்லை என்றார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு நான் ஊருக்குள் வந்தபோது உன் அக்கா வாசலில் நின்று ஒவ்வொன்றாய் எண்ணினாள். இரண்டு தரம் எண்ணினாள். பிறகு உள்ளே போய் மூட்டையை அவிழ்த்துத் தட்டை எடுத்து எனக்குச் சோறு போட்டாள். அன்றைக்கு அவள் போட்ட சோற்றுக்கு முன்னால் உன் தங்கவயல் தங்கமெல்லாம் எனக்குத் தவிடு.

ஆகையால் மச்சான், அந்தக் கல் வண்டியை வேறு யாரையாவது தள்ளச் சொல். உன் மாமன் மண்ணுக்கு மேலே, வெயிலில், தன் ஆட்டுக்குப் பின்னால் நடப்பான். ஒருத்தன் கையையும் எதிர்பார்க்காமல், மச்சானிடம் ஒரு தம்படி கேட்காமல், சர்க்காரை நேருக்கு நேர் நின்று கேட்டு வாங்கினவன் என்பது தெரியும்படி, உன் சுரங்க லைன் வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் இந்தக் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டவும். முக்கியமாய், என்னைச் சாராயக் கடையில் பார்த்ததாய் எழுதினவனுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டவும்.

தங்கச்சி ரங்கம்மாளுக்கு என் ஆசீர்வாதம், அவள் மூக்குக்குத் தனியாய் ஒரு ஆசீர்வாதம். உனக்குச் சுரங்கத்துக்குள் தலைக்குமேல் ஒரு கல்லும் விழாமல், இருமலும் குறைந்து, கூலியும் கூடி, நூறு வயசு வரைக்கும் என் கேலியைக் கேட்டுக்கொண்டு இருக்கும்படி மார்க்கபந்தீஸ்வரர் உன்னை வைத்திருக்கட்டும். உன் அக்கா கையால் இடித்த மிளகாய்த் தூள் ஒரு டப்பா, வருகிற ஆள்வசம் அனுப்புகிறாள்.

இப்படிக்கு,
ஆடு இருபத்தைந்து உடைய உன் மாமன்,
செ. முனிரத்தினம்.

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி ஒட்டுவதற்குள் தபால் போய்விட்டது. இன்றைக்குத் தேதி 16. காலையில் கர்ணம் ஒரு காகிதம் கொண்டுவந்து கொடுத்தார். நான் வாங்கின ஐம்பத்தேழு ரூபாய் தக்காவியாம். தோட்டத்தில் கிணறு வெட்டக் கொடுப்பார்களே, அதே கடன். வட்டி உண்டு, நான்கு தவணை, முதல் தவணை பங்குனி வரிக் கிஸ்தியோடு கட்ட வேண்டும், தவறினால் ஆடு ஜப்தி. நான் மூன்று இடத்தில் இனிஷியலோடு போட்டது கடன் பத்திரமாம். ஆட்டுக்கு இனாமாய்க் கொடுக்கச் சர்க்காரில் வழியே கிடையாதாம். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் பத்திரத்தைக் குடியானவனுக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். அன்றைக்குக் குமாஸ்தா வாசிக்க வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மூச்சு விட வேண்டுமே. அந்தக் கூடையை வைத்தவன் நான்தான், யாரைக் குற்றம் சொல்வது?

ஆட்டை விற்றுக் கட்டிவிடு என்கிறார் கர்ணம். அது நடக்காது. சினை ஆடு நான்கு இருக்கிறது, எரு போடக் கொல்லை பேசியாயிற்று. ஆடு நிற்கும், கடனும் அடையும். ஆகையால் அந்தக் கல் வண்டி இன்னும் காலியாய் இருந்தால் ஒருத்தருக்கும் கொடுக்காமல் பிடித்து வைக்கவும். பங்குனி வரைக்கும்தான் தள்ளுவேன், அதற்குமேல் ஒரு நாள் தள்ள மாட்டேன். உன் அக்கா இங்கே இருந்து மந்தையைப் பார்த்துக்கொள்வதாய்ச் சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு தட்டு மட்டும் தனியாய்க் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வண்டிக்கு வருகிறேன், ஸ்டேஷனுக்கு வரவும், வந்து சிரிக்க வேண்டாம். காகிதம் வீணாகுமே என்று மேலே எழுதினதைக் கிழிக்கவில்லை. லைன் வீட்டில் அதை ஏற்கெனவே படித்துக் காட்டியிருந்தால், இதைப் படிக்க வேண்டாம். மிளகாய்த் தூளை நானே கொண்டு வருகிறேன். கூடவே இருமுகிற ஆடு ஒன்றையும் ஓட்டி வரலாமா என்று பார்க்கிறேன், அதை விட்டு வர மனசு கேட்கவில்லை. சுரங்கத்துக்கு மேலே எங்கேயாவது புல் முளைக்கிறதா என்று மட்டும் பார்த்து, மறு தபாலில் எழுதவும்.